வி.பி.என்., டோர், இன்காக்னிட்டோ: யார் கண்ணிலிருந்து மறைகிறோம்?

2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. பெற்றோர்கள் பதறியடித்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு ஓடினார்கள். சோதனையில் ஒன்றும் சிக்கவில்லை. மின்னஞ்சல் வந்தது புரோட்டான் மெயில் வழியாக என்று தெரிந்ததும், அந்தச் சேவையையே இந்தியாவில் முடக்கலாமா என்ற பேச்சு கிளம்பியது. அதற்குப் பிறகும் இப்படிப்பட்ட மிரட்டல்கள் வருவதும், 'வி.பி.என். பயன்படுத்தியிருப்பதால் ஆளைக் கண்டுபிடிப்பதில் சிக்கல்' என்று செய்தி வருவதும் வாடிக்கையாகிவிட்டது. வி.பி.என். என்பது நம் இணைய இணைப்பை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவை.

இந்தப் பக்கம் யூடியூபைத் திறந்தால், அதே வி.பி.என்.னை மாதச் சந்தாவுக்கு வாங்கினால் இணையத்தில் யாரும் உங்களைத் தொட முடியாது என்கிறது விளம்பரம். வி.பி.என். போட்டும் மாட்டிக்கொண்டார் என்று இன்னொரு செய்தி. படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்புதான்.

'இது என்னை மறைக்குமா?' என்று கேட்டால் இதற்கு விடை கிடைக்காது. யாரிடமிருந்து மறைக்கும் என்று கேட்க வேண்டும். வி.பி.என்., டோர், இன்காக்னிட்டோ எதுவும் ஆளை மாயமாக்குவதில்லை. ஒருவருக்குத் தெரிந்துகொண்டிருந்த தகவலை அவர் கண்ணிலிருந்து விலக்குகின்றன. பெரும்பாலும் அதே தகவலை இன்னொருவர் கையில் கொடுக்கின்றன. அந்த இன்னொருவர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

## ஒரு பக்கத்தைத் திறந்தால் யார் யாருக்குத் தெரியும்?

மதுரையில் ஒரு கல்லூரி விடுதி. இரவு பதினொரு மணிக்கு ஒரு மாணவி விடுதி வைஃபையில் தன் மொபைலை இணைத்து, ஒரு மருத்துவத் தளத்தில் குறிப்பிட்ட ஒரு நோயைப் பற்றிய பக்கத்தைத் திறக்கிறார். அந்த ஒரு தட்டலுக்கு எத்தனை சாட்சிகள் என்று பார்ப்போம்.

1. அவருடைய மொபைல். பிரவுசரின் ஹிஸ்டரியில் பக்கத்தின் முழு முகவரி பதிவாகிறது. குக்கீ எனப்படும் சிறு அடையாளக் கோப்புகள் வந்து உட்காருகின்றன. மொபைலை வாங்கிப் பார்க்கும் தோழிக்கும் தம்பிக்கும் இது தெரியும்.

2. வைஃபை வைத்திருப்பவர். இங்கே விடுதி நிர்வாகம். எந்த மொபைல், எத்தனை மணிக்கு, எந்தத் தளத்தோடு பேசியது என்று ரவுட்டர் மட்டத்தில் பார்க்க முடியும்.

3. இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனம். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவதற்கு டி.என்.எஸ். என்ற ஏற்பாடு இருக்கிறது. பொதுவாக அந்தக் கேள்வி இந்த நிறுவனத்தின் சர்வருக்குத்தான் போகும்.

4. அந்த மருத்துவத் தளம். வந்தவரின் ஐ.பி. முகவரி, பிரவுசர் வகை, படித்த பக்கம், நேரம் எல்லாம் தெரியும். ஐ.பி. முகவரி என்பது இணைப்புக்கு நிறுவனம் ஒதுக்கும் எண். அதை வைத்துத் தளத்தால் ஊரை ஊகிக்க முடியும், பெயரைச் சொல்ல முடியாது. பெயர் இணைப்பு கொடுத்த நிறுவனத்திடம் இருக்கிறது.

5. தளத்துக்குள் குடியிருக்கும் விளம்பர நிறுவனங்கள். ஒரே நிறுவனத்தின் கண்காணிப்பு நிரல் ஆயிரம் தளங்களில் இருந்தால், ஆயிரத்திலும் இந்த மாணவி போய்வந்த தடத்தை அது கோத்துவிடும்.

பூட்டுச் சின்னத்தோடு நமக்கு அறிமுகமான எச்.டி.டி.பி.எஸ். இதில் என்ன செய்கிறது? பிரவுசருக்கும் தளத்துக்கும் இடையே போகும் உள்ளடக்கத்தை அது குறியாக்கம் செய்துவிடுகிறது, அதாவது நடுவில் இருப்பவர் படிக்க முடியாதபடி மாற்றிவிடுகிறது. ஆகவே இரண்டாவது, மூன்றாவது சாட்சிகளுக்கு எந்த நோயைப் பற்றிப் படித்தார் என்பது தெரியாது. எந்தத் தளத்துக்குப் போனார் என்பது தெரியும். இணைப்பின் தொடக்கத்தில் தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே போகிறது; நம் ஊர் நிறுவனங்களில் சில, அந்தப் பெயரைப் பார்த்துத்தான் தடைசெய்யப்பட்ட தளங்களை முடக்குகின்றன.

இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்.டி.டி.பி.எஸ்.தான். 'பொது வைஃபையில் உங்கள் பாஸ்வேர்டைத் திருடிவிடுவார்கள்' என்ற வி.பி.என். விளம்பரப் பயமுறுத்தல் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இருந்த அளவுக்கு இப்போது பொருந்தாது.

## இன்காக்னிட்டோ: வீட்டுக்குள் மட்டும்

இன்காக்னிட்டோ என்பது பிரவுசரில் தடம் பதியாமல் திறக்கும் தனி ஜன்னல். இது முதல் சாட்சியை மட்டும் விலக்கும். ஜன்னலை மூடியதும் ஹிஸ்டரியும் குக்கீயும் அழியும். மற்ற நால்வருக்கும் பெரும்பாலானவை வழக்கம்போலத் தெரியும். இறக்கிய கோப்புகள்கூட அப்படியே கிடக்கும்.

பயன் இல்லை என்று சொல்ல முடியாது. பிரவுசிங் சென்டரில் டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் போடுகிறவர், அடுத்து வந்து உட்காருபவரிடம் தன் கணக்கைத் திறந்து வைத்துவிட்டுப் போகாமல் இருக்க இதுவே போதும். ஆனால் பெயரும் அந்தத் தொப்பி-கண்ணாடிச் சின்னமும் மக்களை இதைவிட அதிகமாக நம்ப வைத்துவிட்டன. இன்காக்னிட்டோவில் இருந்தபோதும் தங்களைப் பின்தொடர்ந்ததாக கூகுள் மீது 2020இல் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். 2024 ஏப்ரலில் வெளிவந்த சமரசத்தின்படி, சேர்த்து வைத்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவும், அந்த ஜன்னலில் தோன்றும் அறிவிப்பைத் தெளிவாக மாற்றவும் கூகுள் ஒப்புக்கொண்டது. புது ஜன்னலைத் திறந்தால் வரும் அந்த நாலு வரியை ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் அலுவலகமும் இணைப்பு நிறுவனமும் பார்க்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

## வி.பி.என்.: சாட்சியை மாற்றுவது

வி.பி.என். போட்டதும் மொபைலிலிருந்து கிளம்பும் எல்லாமே குறியாக்கம் செய்யப்பட்டு முதலில் வி.பி.என். நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்துதான் தளத்துக்குப் போகிறது. விடுதிக்கும் இணைப்பு நிறுவனத்துக்கும் 'இவர் ஏதோ ஒரு வி.பி.என். சர்வரோடு பேசுகிறார்' என்பதற்கு மேல் தெரியாது. தளத்துக்கு வி.பி.என். சர்வரின் ஐ.பி. முகவரிதான் தெரியும்.

தடையைத் தாண்ட இதைவிட எளிய வழி இல்லை. இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று, போராட்டங்கள் சூடுபிடித்த நேரத்தில், அரசு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், ட்விட்டர் எல்லாவற்றையும் முடக்கியது. 2018 கண்டி வன்முறையின்போதும், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பின்போதும் இதேபோன்ற தடைகளைப் பார்த்திருந்த மக்கள் அடுத்த நிமிடமே வி.பி.என்.னுக்கு மாறினார்கள். அன்றைக்கு அமைச்சராக இருந்த, ஜனாதிபதியின் அண்ணன் மகன் நாமல் ராஜபக்சவே, தானும் அப்போது வி.பி.என். வழியாகத்தான் எழுதுவதாகவும் இத்தகைய தடைகளால் பயனில்லை என்றும் ட்விட்டரில் போட்டார். ஒரு நாள் முடிவதற்குள் தடை விலகியது.

இனி மறுபக்கம். இணைப்பு நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்த அனைத்தையும் இப்போது வி.பி.என். நிறுவனம் பார்க்கிறது. இணைப்பு நிறுவனமாவது உள்ளூரில் உரிமம் வாங்கியது, பெயர் தெரிந்தது. பல வி.பி.என். செயலிகளுக்கு உரிமையாளர் யார் என்பதே தெரியாது. 'நாங்கள் லாக் வைப்பதில்லை', அதாவது பயன்பாட்டுப் பதிவு எதையும் சேமிப்பதில்லை என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். அதைச் சோதித்த சில தருணங்கள்:

1. ஒனாவோ. இஸ்ரேலில் தொடங்கிய இந்த நிறுவனத்தை ஃபேஸ்புக் 2013இல் வாங்கியது. 'பாதுகாப்பு' என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட இலவச வி.பி.என். செயலி, மக்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவலை ஃபேஸ்புக்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. போட்டியாளர்களை எடைபோட அது உதவியது. 2018இல் ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து அது வெளியேறியது. 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

2. பியூர் வி.பி.என். 2017இல் அமெரிக்காவில் இணையவழித் தொல்லை கொடுத்த ஒருவரைப் பிடிக்க எஃப்.பி.ஐ.க்கு இந்த நிறுவனத்தின் பதிவுகள் உதவின. வாடிக்கையாளரின் வீட்டு ஐ.பி.யும் அலுவலக ஐ.பி.யும் ஒரே கணக்கில் பதிவாகியிருந்தன. பிடிபட்டவர் பிடிபட வேண்டியவர்தான். ஆனால் லாக் வைப்பதில்லை என்ற வாக்குறுதி எவ்வளவு நீளும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

3. ஹாங்காங் செயலிகள். 2020இல் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவையாகத் தோன்றிய ஏழு இலவச வி.பி.என். செயலிகளின் தகவல்கள் பாதுகாப்பற்ற சர்வரில் திறந்து கிடந்தன. லாக்கே இல்லை என்று சொன்னவை, பாஸ்வேர்டு வரை சேர்த்து வைத்திருந்தன.

4. முல்வாட். இது நேர்மாறானது. 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் சோதனை ஆணையுடன் யோத்தபோரி நகரில் உள்ள இந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கு வந்து வெறுங்கையோடு திரும்பியது. அங்கே கணக்குத் தொடங்கப் பெயரோ மின்னஞ்சலோ கேட்பதில்லை. ஓர் எண் மட்டும் தருகிறார்கள். இல்லாத தகவலை யாராலும் பறிமுதல் செய்ய முடியாது.

அலுவலகம் கொடுக்கும் வி.பி.என். வேறு ரகம். அது நிறுவனத்தின் உள்வலைக்குள் போவதற்கான வழி. அதைப் போட்டுக்கொண்டு வேலை தேடும் தளத்துக்குப் போனால், அது உங்கள் ஐ.டி. பிரிவின் கண்ணில் படலாம்.

## டோர்: யாருக்கும் முழுக்கதை தெரியாமல்

ஒரே நிறுவனத்தை நம்ப வேண்டியிருக்கிறதே என்பதுதான் வி.பி.என்.னின் அடிப்படைப் பலவீனம். அதற்கான விடை 1990களின் நடுவில், அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. பால் சைவர்சனும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய அந்த முறை 2002இல் டோர் என்ற பெயரில் வெளியே வந்தது. கடற்படையே ஏன் இதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது? கடற்படை ஆட்கள் மட்டும் பயன்படுத்தும் வலை என்றால், அதிலிருந்து வருபவர் ஒவ்வொருவரும் கடற்படை ஆள் என்று தெரிந்துபோகும். ஒளிந்துகொள்ளக் கூட்டம் வேண்டும்.

உறைக்குள் உறை, அதற்குள் இன்னொரு உறை என்று மூன்றாக மூடிய கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உறையிலும் அடுத்து எங்கே சேர்க்க வேண்டும் என்பது மட்டும் எழுதியிருக்கும். உலகெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும் ஆயிரக்கணக்கான கணினிகளிலிருந்து டோர் மூன்றைத் தேர்ந்தெடுக்கிறது:

1. நுழைவுக் கணினிக்கு உங்கள் ஐ.பி. தெரியும், நீங்கள் போகும் தளம் தெரியாது.
2. நடுக் கணினிக்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் மட்டும் தெரியும்.
3. வெளியேறு கணினிக்குத் தளம் தெரியும், நீங்கள் யார் என்று தெரியாது.

மூன்றில் எதைக் கைப்பற்றினாலும் அது ஒன்றை வைத்து இரண்டு முனைகளையும் இணைக்க முடியாது. அநாமதேயமாக ஆவணம் அனுப்ப விரும்புபவர்களுக்காகப் பல பத்திரிகைகள் வைத்திருக்கும் செக்யூர்டிராப் இதன்மேல்தான் ஓடுகிறது. பி.பி.சி. 2019இல் டோருக்குள்ளேயே தன் செய்தித் தளத்தைத் திறந்தது. பி.பி.சி.யைத் தடைசெய்திருக்கும் நாடுகளின் வாசகர்களுக்காக அப்படிச் செய்தது. 'டோர் என்றாலே டார்க் வெப், டார்க் வெப் என்றாலே போதை மருந்து' என்ற சமன்பாடு நம் தொலைக்காட்சிகளில் சலிக்காமல் ஓடுவதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வரம்புகள் இங்கேயும் உண்டு, வி.பி.என்.னைவிடச் சுவாரசியமானவை.

வெளியேறும் இடம். 2007இல் ஸ்வீடனைச் சேர்ந்த டான் எகெர்ஸ்டாட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் சில வெளியேறு கணினிகளை நடத்தி, அவற்றின் வழியே குறியாக்கமின்றிப் போனதைப் படித்தார். சிக்கியவை பல நாட்டுத் தூதரகங்களின் மின்னஞ்சல் பாஸ்வேர்டுகள். இந்தியத் தூதரகங்களும் அதில் இருந்தன. டோர் வழியை மறைக்கிறதே தவிர, கடைசிக் கட்டத்தில் உள்ளடக்கத்தை மூடுவது எச்.டி.டி.பி.எஸ்.இன் வேலை.

இரு முனைகளும் ஒரே கண்ணில். உங்களிடமிருந்து 11.02க்கு இத்தனை தரவுப் பொட்டலங்கள் கிளம்பின, கிட்டத்தட்ட அதே நேரத்தில் அந்தத் தளத்துக்கு அதே அளவு போய்ச் சேர்ந்தது என்று இரண்டு பக்கமும் பார்க்கக்கூடியவர் ஒப்பிட்டுவிடலாம். இது பெரிய அரசுகளுக்கு மட்டுமே கைகூடும், அதிகச் செலவு பிடிக்கும் வேலை. ஜெர்மனியில் அதிகாரிகள் இப்படிச் செய்ததாக 2024இல் அந்நாட்டு ஊடகங்கள் வெளியிட்டன. மறுபுறம், முன்னாள் ஒப்பந்த ஊழியர் ஸ்நோடன் வழியாக 2013இல் வெளிவந்த, அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் ஆவணம் ஒன்று, எல்லா டோர் பயனர்களையும் எல்லா நேரத்திலும் கண்டறிவது தங்களால் ஒருபோதும் ஆகாது என்று ஒப்புக்கொண்டது.

டோர் பயன்படுத்துவதே அடையாளம். 2013 டிசம்பரில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தேர்வைத் தள்ளிப்போட நினைத்த ஒரு மாணவர் டோர் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். டோரை யாரும் உடைக்கவில்லை. மிரட்டல் டோரிலிருந்து வந்தது என்பது மின்னஞ்சலின் தலைப்பு விவரங்களில் தெரிந்தது. அந்த நேரத்தில் வளாக வைஃபையில் டோரோடு இணைந்திருந்தவர் யார் என்று பல்கலைக்கழகப் பதிவில் தேடினார்கள். மாணவரின் அறைக் கதவைத் தட்டியதும் அவர் ஒப்புக்கொண்டார். கூட்டத்தில் ஒளியும் கருவியை, கூட்டமே இல்லாத இடத்தில் பயன்படுத்தியிருந்தார் அவர். டோர் பயன்படுத்துவதையே மறைக்க 'பிரிட்ஜ்' எனப்படும் பட்டியலில் இல்லாத நுழைவுக் கணினிகள் உண்டு. சீனா, ஈரான் போன்ற நாடுகளில் அவையில்லாமல் டோருக்குள் நுழைவதே கடினம்.

வேகமும் குறைவு. வங்கித் தளங்கள் கதவைச் சாத்தும். 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று படத்துக்குப் படம் சிக்னல் விளக்கைத் தேடச் சொல்வார்கள்.

## ஐ.பி. இல்லாமலே ஆளைக் காட்டுபவை

ஐ.பி. முகவரி மறைந்தும் மாட்டிக்கொள்வது எப்படி?

ஒன்று, லாகின். வி.பி.என். போட்டு, இன்காக்னிட்டோ திறந்து, அதற்குள் ஜிமெயிலில் நுழைந்தால் கூகுளைப் பொறுத்தவரை எதுவும் மறையவில்லை. போதைப்பொருள் விற்பனை நடந்த சில்க் ரோடு என்ற டோர் சந்தையை நடத்தியவர் 2013இல் பிடிபட்ட கதையில் முக்கியமான நூல்முனை, தொடக்க காலத்தில் அவர் வெளிப்படையான இணையத்தில் தன் சொந்தப் பெயர் கொண்ட மின்னஞ்சல் முகவரியைப் போட்டு எழுதிய ஒரு பதிவு. அதைக் கண்டுபிடித்தவர் ஒரு வரித்துறை அதிகாரி. கருவி, கூகுள் தேடல்.

இரண்டு, பிரவுசர் ரேகை. திரையின் அளவு, நிறுவியுள்ள எழுத்துருக்கள், மொழி, நேர மண்டலம், கிராபிக்ஸ் சிப் ஆகிய ஒவ்வொன்றும் சாதாரணத் தகவல். எல்லாம் சேர்ந்தால் பல சமயம் உலகில் ஒரே ஒரு பிரவுசருக்குத்தான் பொருந்தும். எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் சுமார் 4.7 லட்சம் பிரவுசர்களைச் சோதித்தபோது 83.6 சதவீதம் தனித்தன்மை உடையவையாக இருந்தன. இதற்குக் குக்கீ தேவையில்லை, வி.பி.என். இதைத் தொடுவதே இல்லை. டோர் பிரவுசர் எல்லாப் பயனர்களையும் ஒரே மாதிரிக் காட்ட முயல்கிறது. அதன் ஜன்னலைப் பெரிதாக்கினால் ஓரங்களில் சாம்பல் நிறப் பட்டை விழுவது கோளாறு அன்று. உங்கள் திரையின் சரியான அளவைத் தளத்திடமிருந்து மறைத்து, பலருக்கும் பொதுவான ஒரு தோராய அளவை அது சொல்கிறது. அதில் நாலு எக்ஸ்டென்ஷனை (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்) ஏற்றி 'வசதி' பண்ணிக்கொள்பவர் தன்னைத்தானே தனித்துக் காட்டிக்கொள்கிறார்.

மூன்று, செயலிகள். மொபைலில் இருக்கும் செயலிகளுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், வி.பி.என். நெதர்லாந்தைக் காட்டினாலும் ஜி.பி.எஸ். மதுரைத் தல்லாகுளத்தைக் காட்டும்.

நான்கு, சட்டம். சுவிட்சர்லாந்து நிறுவனமான புரோட்டான் மெயிலையே எடுத்துக்கொள்வோம். அதில் கடிதத்தின் உள்ளடக்கம் நிறுவனத்துக்கே படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. ஆனால் பிரான்ஸ் சூழலியல் போராளி ஒருவரின் கணக்குக்கு வரும் ஐ.பி. முகவரியைப் பதியும்படி சுவிட்சர்லாந்து அதிகாரிகளிடமிருந்து ஆணை வந்தபோது, நிறுவனம் பதிந்து கொடுத்தது. 2021இல் இது வெளியே தெரிந்ததும் தன் இணையதள வாசகங்களை அது மாற்றிக்கொண்டது. பூட்டிய கடிதமும் எங்கிருந்து வந்தது என்ற தகவலும் வேறு வேறு.

## எந்தத் தேவைக்கு எது

1. பொதுக் கணினி, வீட்டில் ஒரே மடிக்கணினியைப் பலர் பயன்படுத்துவது: இன்காக்னிட்டோ போதும்.
2. விடுதி, அலுவலகம், விமான நிலைய வைஃபை, தடைசெய்யப்பட்ட தளம்: காசு கொடுத்து வாங்கிய, நடத்துபவர் யார் என்று தெரிந்த வி.பி.என். இலவசம் என்றால் செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
3. விளம்பரத் தொல்லை: இதற்கு வி.பி.என். வாங்குவது வீண் செலவு. கண்காணிப்பைத் தடுக்கும் பிரவுசர் அமைப்புகளும், ஃபயர்ஃபாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் போன்ற ஓர் எக்ஸ்டென்ஷனும் இதைவிட நன்றாக வேலை செய்யும். இரண்டுமே இலவசம்.
4. ஊழலை அம்பலப்படுத்தும் ஊழியர், செய்தியாளரின் தகவல் மூலம்: டோர். அதையும் அலுவலகக் கணினியிலோ அலுவலக வைஃபையிலோ திறக்கக் கூடாது.

## இந்தியாவில் விதி என்ன சொல்கிறது

வி.பி.என். பயன்படுத்துவதை நாடு முழுக்கக் குற்றமாக்கும் சட்டம் இல்லை. ஆனால் ஜம்மு-காஷ்மீரில் மாவட்ட நிர்வாகங்கள் அவ்வப்போது தடை உத்தரவு போடுகின்றன.

விற்பவர்கள் மீதுதான் கட்டுப்பாடு. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் (CERT-In) வெளியிட்ட உத்தரவின்படி, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், சரிபார்த்த முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், ஒதுக்கிய ஐ.பி., எதற்காக வாங்குகிறார் என்ற காரணம் எல்லாவற்றையும் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நிறுவனங்களின் உள்வலை வி.பி.என்.களுக்கு விலக்கு. விதி பிடிக்காதவர்கள் வெளியேறலாம் என்றார் அப்போதைய மத்திய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர். எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்டு வி.பி.என்., புரோட்டான் எல்லாம் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போயே விட்டன. இந்திய ஐ.பி. வேண்டும் என்பவர்களுக்கு சிங்கப்பூர் போன்ற இடங்களில் கணினியை வைத்துக்கொண்டு இந்திய எண்ணை மட்டும் தருகின்றன.

புலனாய்வாளர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. குண்டு மிரட்டலுக்கும் ஆன்லைன் மோசடிக்கும் வெளிநாட்டு நிறுவனத்திடம் தகவல் கேட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது அவர்கள்தான். ஆனால் இந்த விதியால் அந்தக் காத்திருப்பு எப்படிக் குறையும் என்பது புரியவில்லை. உள்நாட்டில் இருந்த சர்வர் வெளிநாட்டுக்குப் போனதுதான் நடந்தது.

2025 ஜனவரியில், உள்துறை அமைச்சக உத்தரவின் பேரில், கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.1 உட்பட சில வி.பி.என். செயலிகள் இந்தியாவில் ஆப்பிள், கூகுள் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. மோசடிக்காரர் இதனால் தடுமாறப்போவதில்லை. அவருக்குத் தேவையானதை வேறு இடத்தில் எடுத்துக்கொள்வார். கடையில் தேடிக் கிடைக்காத சாதாரணப் பயனர்தான் டெலிகிராம் குழுவில் யாரோ போட்ட ஏபிகே கோப்பை (கடைக்கு வெளியே ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) இறக்கி, 'அறியாத மூலங்களிலிருந்து நிறுவ அனுமதி' என்பதைத் தட்டுகிறார். நிறுவி முடித்ததும் முழு இணைப்பையும் தன் வழியாகத் திருப்ப அந்தச் செயலி ஆண்ட்ராய்டிடம் அனுமதி கேட்கும். அதற்கும் 'சரி' என்று அழுத்தியபின், மதுரை மாணவியின் பட்டியலில் இருந்த ஐந்து சாட்சிகளோடு ஆறாவதாக ஒருவர் சேர்ந்திருப்பார், பெயரோ முகவரியோ இல்லாமல்.